வகுப்பறைக்கு வெளியே ஒரு கணக்குப் பாடம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் கடைத்தெருவில் பத்து நாட்களுக்கு வேறு பேச்சே இருக்காது. சரக்குக்கு ஆர்டர் சொல்ல வரும் சில்லறை வியாபாரியும், தரகரும், லாரி செட்டுக்காரரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். "பையனுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது? பொண்ணு என்ன படிக்கப் போகிறாள்?" கட்டணம் எவ்வளவு, பஸ் வசதி உண்டா, விடுதிச் சாப்பாடு எப்படி, வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருகின்றனவா என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் செய்வதற்கு அந்தக் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "படிக்கத்தானே அனுப்புகிறோம், ஆடிப் பாடவா அனுப்புகிறோம்?" என்று பதில் வருகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே தகப்பனார் நம் எதிரில் உட்கார்ந்து வருத்தப்படுகிறார். "டிகிரி முடித்துவிட்டான். நல்ல மார்க்தான். ஆனால் ஒரு பார்ட்டியிடம் போய்ப் பாக்கி கேட்டு வா என்றால் தயங்குகிறான். வந்த சரக்கைப் பில்லோடு ஒத்துப் பார்க்கச் சொன்னால் முழிக்கிறான். நாலு பேரை வைத்து ஒரு வேலையை முடிக்கத் தெரியவில்லை" என்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். குறை பையனிடமா, கல்லூரியிடமா, நம்மிடமா என்பதை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறைப் பாடத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பி.காம். படித்த பிள்ளைக்கு ஐந்தொகை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும், பி.எஸ்சி. படித்த பிள்ளைக்கு ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை தெரிந்திருக்கும். ஆனால் வகுப்பறையில் தரும் கணக்கில் தவறு செய்தால் மார்க் குறையும், அவ்வளவுதான். பிறர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவறு செய்தால் நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பழக்கம்தான் பிற்காலத்தில் கடையில் உட்கார்ந்தாலும், வங்கியில் உட்கார்ந்தாலும், அரசு அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் உதவுகிறது. பிறர் பணம், பிறர் உணவு, பிறர் நேரம் இவற்றுக்குப் பொறுப்பேற்றுக் கணக்குச் சொல்லிப் பழகிய பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்துக்குக் கல்லூரிக் காலத்தில் இடம் கிடைப்பது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியேதான்.

நம் முன்னோருக்கு இது புதிய செய்தியல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த செட்டிநாட்டு நகரத்தார், சிறு வயதுப் பிள்ளையைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்தார்கள். அவன் ஏவல் வேலை செய்து, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகுதான் கடைப் பொறுப்புக்கு வந்தான். முதலாளி வீட்டுப் பிள்ளை என்றாலும் இன்னொருவர் கடைக்கு அனுப்பிப் பழக்கிய குடும்பங்கள் உண்டு. இன்று அந்த வயதில் நம் பிள்ளைகள் கல்லூரியில் இருக்கிறார்கள். இருக்க வேண்டியதுதான். அப்படியானால் பெட்டியடியில் கற்ற பாடத்தை அவர்கள் எங்கே கற்பது?

விடுதிச் சமையலறை என்னும் பள்ளிக்கூடம்

மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குக் கல்லூரி விடுதிகள் நல்ல வாடிக்கையாளர்கள். ஆகவே நாம் கண்ணால் கண்ட ஒன்றையே முதலில் சொல்கிறோம்.

பல கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்ற முறை உண்டு. அந்த மாதம் சமையலுக்கு ஆன மொத்தச் செலவை, சாப்பிட்ட மாணவர்களின் எண்ணிக்கையால், அவரவர் சாப்பிட்ட நாட்களைக் கணக்கிட்டு வகுத்து, மெஸ் பில் போடுவார்கள். வார்டனின் மேற்பார்வையில் மாணவர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து மெஸ் கமிட்டி அமைப்பார்கள். மளிகைப் பட்டியல் போடுவது, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்பது, சரக்கு வந்தால் எடை பார்த்து இறக்குவது, தினமும் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்ததை இருப்புப் பதிவேட்டில் எழுதுவது, மாதக் கடைசியில் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெண்கள் விடுதிகளிலும் இப்படியே நடக்கிறது. அவர்கள் போடும் பட்டியலில் அடித்தல் திருத்தல் குறைவாக இருக்கும் என்பது நம் அனுபவம்.

இதில் என்ன பெரிய படிப்பு என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 200 மாணவர்கள் சாப்பிடும் விடுதி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் தினம் 80 கிலோ, மாதம் 2,400 கிலோ. 26 கிலோ மூட்டையாக 92 மூட்டைக்கு மேல் வரும். கிலோவுக்கு ஒரு ரூபாய் விலை குறைத்து வாங்கினால் 2,400 ரூபாய் மிச்சம். தலைக்கு 12 ரூபாய். புதிதாகப் பொறுப்புக்கு வந்த மாணவன் முதல் மாதம் இந்த ஒரு ரூபாய்க்காக நம்மிடம் அரை மணி நேரம் பேரம் பேசுவான். அதே விடுதியில் வடித்த சோற்றில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வையுங்கள். தினம் 8 கிலோ அரிசி, மாதம் 240 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் 12,000 ரூபாய்; தலைக்கு 60 ரூபாய். பேரத்தில் மிச்சமாவதைப்போல் ஐந்து மடங்கு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. மூன்றாவது மாதம் இதைக் கண்டுபிடித்துவிடும் மாணவன், பிறகு நம்மிடம் ஒரு ரூபாய்க்கு வாதாடுவதில்லை. சனிக்கிழமை எத்தனை பேர் ஊருக்குப் போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமையே எண்ணத் தொடங்குகிறான். கொள்முதலில் பார்க்கும் லாபத்தைவிடச் சேதாரத்தில் போகும் நஷ்டம் பெரிது என்பதை நம்மில் பலர் கடை வைத்துப் பல வருடம் கழித்தே புரிந்துகொள்கிறோம். அவன் இருபது வயதில் புரிந்துகொள்கிறான்.

சரக்கறிவும் இப்படித்தான் வருகிறது. மூட்டையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டியவன், நடு மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கக் கற்கிறான். துவரம்பருப்பில் பாலிஷ் போட்டதும் போடாததும் வேகும்போது எப்படி மாறும் என்று சமையல்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறான். மாசி, பங்குனியில் வரும் புதுப் புளி ஈரத்தோடு இருக்கும், வைத்திருக்க வைத்திருக்க எடை குறையும் என்பது தெரிந்தால்தான் எத்தனை மாதத்துக்கு வாங்குவது என்று முடிவு செய்யலாம். அரிசி மூட்டை 25 கிலோவாக இல்லாமல் 26 கிலோவாக ஏன் வருகிறது என்று ஒரு மாணவன் கேட்டான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பைகளில் அடைத்து விவரம் அச்சிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேற்பட்ட எடைக்கு அது இல்லை என்று விளக்கினோம். வரி என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு சொல் அல்ல, அது மூட்டையின் அளவையே மாற்றிவிடும் என்று அன்று அவனுக்கு விளங்கியது. அவன் படித்தது வரலாறு. இன்று ஒரு மருத்துவமனைக் கேன்டீனுக்குக் கொள்முதல் பார்க்கிறான்.

விடுதிச் சமையலறைப் பொறுப்பு என்றால் இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. டாக்டர் அப்துல் கலாம் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்தபோது விடுதியின் சைவ உணவுப் பிரிவுக்குச் செயலாளராக இருந்தவர். இதை அவரே தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம் புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி வந்ததும், சிறுவனாக இருந்த அவர் அதைச் சேகரித்து ராமேஸ்வரத்தில் மசூதித் தெரு மளிகைக் கடையில் விற்று ஒரு நாளைக்கு ஓரணா சம்பாதித்ததையும் அதே நூலில் சொல்கிறார். மெஸ் செயலாளராக இருந்ததால்தான் அவர் 1980-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை ஏவும் குழுவுக்குத் தலைவரானார் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் பலருடைய வேலையை ஒருங்கிணைத்து ஒரு காரியத்தை முடிக்க வேண்டியவர், மாணவப் பருவத்தில் பல ஊர்ப் பிள்ளைகளின் பசிக்குப் பொறுப்பாக இருந்தார் என்பதை அவரே நினைவில் வைத்திருந்து எழுதினார். அது சாதாரண அனுபவமாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

ஏழு நாள் முகாம்

அடுத்தது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969-ல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டம் இன்று நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றிலும் இருக்கிறது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் குறிக்கோள். சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமில் தங்க வேண்டும்.

அந்த ஏழு நாளுக்குத்தான் நம் வீடுகளில் சண்டை வருகிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. மரம் நடுவதற்கும் தெருக் கூட்டுவதற்குமா மகளைப் படிக்க வைக்கிறோம் என்று கேட்கிறோம். மரம் நடுவது வெளியே தெரியும் வேலை. உள்ளே நடப்பது வேறு. ஐம்பது பேருக்குத் தங்க இடம், தண்ணீர், மூன்று வேளைச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டும். ஊராட்சித் தலைவரைப் பார்த்துப் பேச வேண்டும். சுகாதார முகாமுக்கு மருத்துவர் வருவார் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். வராமல் போனால் கூடியிருக்கும் மக்களிடம் பதில் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டியிடம் பேசி விவரம் கேட்கத் தெரிந்த பெண், நாளைக்கு எந்த அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்தாலும் எதிரில் நிற்பவரைச் சிடுசிடுக்க மாட்டாள்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது நாமெல்லாம் அரிசி, பருப்பு, பிஸ்கட், போர்வை என்று நம்மால் ஆனதை அனுப்பினோம். வந்து குவிந்த பொருட்களைப் பிரித்து, எண்ணி, குடும்பத்துக்கு ஒரு பையாகக் கட்டி, வண்டிவாரியாகப் பட்டியல் எழுதி ஏற்றியதில் பல இடங்களில் கல்லூரி மாணவர்களின் பங்கு பெரிது. எந்த வண்டியில் எத்தனை பை, எந்த ஊருக்கு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று எழுதுவது நம் டெலிவரி நோட்டில் எழுதும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம்: நம் கடையில் தப்பினால் ஒரு வாடிக்கையாளர் கோபிப்பார், அங்கே தப்பினால் ஒரு குடும்பம் அன்று பட்டினி. அந்தப் பயத்தோடு கற்ற பாடம் மறப்பதில்லை.

1948-ல் சட்டப்படி அமைந்த தேசிய மாணவர் படையைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்கப் பழகிய பிள்ளையை, காலையில் கடை திறக்க யாரும் எழுப்ப வேண்டியிருக்காது.

விளம்பரம் கேட்டு வரும் பிள்ளைகள்

கல்லூரி விழாக்கள் வந்துவிட்டால் ரசீதுப் புத்தகமும் கையுமாக மாணவர்கள் நம் கடைப் படி ஏறுகிறார்கள். வியாபார நேரத்தில் வந்துவிட்டார்களே என்று நமக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாலைந்து பேராக வந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, டொனேஷன்" என்று சொல்லிவிட்டு நிற்பவர்கள் ஒரு வகை. கல்லாவில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, வணக்கம் சொல்லி, இன்ன கல்லூரி, இன்ன விழா, மலர் எத்தனை பிரதி அடிக்கிறோம், கால் பக்கம் இவ்வளவு, உங்கள் கடைக்கு எங்கள் விடுதி மாணவர்கள் வருகிறார்கள், விளம்பரம் போட்டால் உங்களுக்கும் பயன் உண்டு என்று சொல்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைப் பிள்ளைக்கு விற்பனைக் கலையை இனி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பத்துக் கடையில் "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு பதினோராவது கடைக்குச் சிரித்த முகத்தோடு ஏறுவது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அதைவிட முக்கியமான சோதனை பிறகு வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் மலர் அச்சான பிறகு ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்? மிகச் சிலரே. அப்படிக் கொண்டுவந்து, விளம்பரம் இருக்கும் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, "சரியாக வந்திருக்கிறதா அண்ணாச்சி?" என்று கேட்ட பிள்ளையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வேலைக்கு ஆள் தேடும்போது அந்த முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். வாங்கிய பணத்துக்குச் சொன்னபடி சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதைத் தவிர வியாபாரத்தில் வேறென்ன இருக்கிறது?

நாம் சொல்லும் மறுப்புகள்

"இதிலெல்லாம் இறங்கினால் படிப்பு கெட்டுவிடும்" என்பது முதல் மறுப்பு. நாட்டு நலப்பணிக்கான 120 மணி நேரத்தை ஓராண்டுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வருகிறது. நம் பிள்ளைகள் செல்போனில் செலவிடும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பை வெட்டிவிட்டு விழாவுக்கு அலைவதை நாம் ஆதரிக்கவில்லை. தேர்வில் தோற்றுவிட்டு மேடையில் மாலை வாங்கி என்ன பயன்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். நேரத்துக்கும் அது பொருந்தும்.

"சகவாசம் கெட்டுவிடும்" என்பது இரண்டாவது. கெட்ட சகவாசம் வேலையில்லாத இடத்தில்தான் அதிகம் வளர்கிறது. மாலைக்குள் நூறு நாற்காலி வரவேண்டும், மைக் செட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கும் பையனுக்குக் கெட்டுப்போக நேரம் இருப்பதில்லை. ஆயினும் எல்லா மன்றமும் ஒன்றல்ல. பெயருக்குத் தலைவர், பெயருக்குச் செயலாளர், ஆண்டுக்கு ஒரு குரூப் போட்டோ என்று நடப்பவையும் உண்டு. சான்றிதழ் தடிமனாக வரும். உள்ளே சரக்கு இருக்காது. பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உன் கையில் என்ன பொறுப்பு இருந்தது? அதற்கு யாரிடம் கணக்குச் சொன்னாய்?" இதற்கு நேரான பதில் வந்தால் அது பயனுள்ள வேலை.

"எப்படியும் நம் கடைக்குத்தானே வரப்போகிறான், இங்கேயே கற்றுக்கொள்வானே" என்பது மூன்றாவது. இது நியாயமான பேச்சாகத் தோன்றும். ஆனால் நம் கடையில் அவன் முதலாளி மகன். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கணக்குப்பிள்ளை வாய் திறக்க மாட்டார். கடைப் பையன்கள் அவன் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரிப்பார்கள். விடுதியில் குழம்பு சரியில்லை என்றால் இருநூறு பேர் தட்டைத் தட்டுவார்கள். அப்பா பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாத ஓரிடத்தில் ஒரு தடவையாவது பொறுப்பாக இருந்துவிட்டு வந்தவன், பின்னாளில் தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் கஷ்டத்தையும் அறிவான். கடைக்கு வராமல் வேறு வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் இது வீண்போகாது. நம் பிள்ளைகளில் பலர் இன்று அப்படித்தான் போகிறார்கள். அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

நாமும் ஆசிரியர்களே

இதுவரை பிள்ளைகளைப் பற்றிச் சொன்னோம். இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். சற்றுக் கசப்பாக இருந்தாலும் சக வணிகர்கள் பொறுத்தருள வேண்டும்.

வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் கற்கும் பாடத்தில் பாதிக்கு ஆசிரியர் நாம்தான். மெஸ் கமிட்டி மாணவன் முதன்முதலாகப் பட்டியலோடு வருவது நம்மிடம். அவனுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம்? சரியான எடையும் ஒழுங்கான பில்லும் கொடுத்து, மாதிரி காட்டிய சரக்கையே அனுப்பினால், வியாபாரம் என்றால் இதுதான் என்று அவன் மனத்தில் பதியும். அதற்குப் பதிலாக, "தம்பி, பில்லில் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்வோம், உங்களைத் தனியாகக் கவனித்துவிடுகிறோம்" என்று ஒரு கவரை நீட்டினால்? அந்த ஆர்டர் நமக்கு நிலைக்கலாம். ஆனால் இருபது வயதுப் பையனுக்கு அன்றைக்கு நடந்த பாடம், கூடப் படிக்கும் நண்பனின் சாப்பாட்டுக் காசில் கை வைக்கலாம் என்பது. அவனே பத்து வருடம் கழித்து ஓர் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நம் உரிமத்தைப் புதுப்பிக்கக் கவர் எதிர்பார்த்தால், குறை சொல்ல நமக்கு வாய் இருக்குமா? இப்படிச் செய்பவர்கள் நம்மில் சிலரே. ஆனால் அந்தச் சிலரால் கெடுவது ஒரு மாதக் கணக்கு மட்டுமல்ல.

இன்னொன்றும் நடக்கிறது. பல கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் விடுமுறையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் மகன், வாடிக்கையாளர் மகள் என்று வந்து, "லெட்டர்ஹெட்டில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் அண்ணாச்சி" என்கிறார்கள். தாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஒரு நாள்கூடக் கடைக்குள் வராத பிள்ளைக்கு முப்பது நாள் பயிற்சிச் சான்று! வராத சரக்குக்குப் பில் போடுவதும் இதுவும் ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்கு நாம் செய்தது உதவி அல்ல. கிடைக்க வேண்டிய முப்பது நாளை நாமே பறித்துவிட்டோம்.

அதற்குப் பதில், "கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வா" என்று சொல்லிப் பார்ப்போம். வந்த பிள்ளையை டீ வாங்கவும் தூசி தட்டவும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், முதல் வாரம் சரக்கு இறக்குமிடம், இரண்டாம் வாரம் இருப்புக் கணக்கு, மூன்றாம் வாரம் பில் போடுமிடம், நான்காம் வாரம் வசூல் என்று பழக்குவோம். காலாவதித் தேதி நெருங்கும் பொருட்களைத் தனியாக எடுத்துப் பட்டியல் போடும் வேலையை முழுவதுமாக அந்தப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். செய்த வேலைக்குக் கையில் ஏதாவது தொகை கொடுத்தே அனுப்ப வேண்டும். பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாத ஆள் கிடைத்தான் என்று நினைப்பது வணிகத்துக்கு அழகல்ல.

ஏற்கெனவே நம் கடைகளில் அரை நாள் வேலை பார்த்துக்கொண்டே ஷிப்ட் முறைக் கல்லூரிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகாமும் விழாவும் எட்டாத கனி. கடைதான் அவர்களுடைய வகுப்பறைக்கு வெளியே உள்ள உலகம். தேர்வு நாட்களில் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்புக் கொடுப்பதும், மூட்டை தூக்குவதோடு நிறுத்தாமல் கணக்கும் பழக்குவதும் நம் கடமை. மூன்று வருடம் நம் கடையில் உழைத்துவிட்டு, போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது. தனக்கு என்ன தெரியும் என்று நாலு வரி சொல்லக்கூடியவனாகப் போக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. நல்லதே. ஆனால் எல்லாவற்றையும் அரசும் கல்லூரியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தவர்கள் அல்ல நம் முன்னோர். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்கள் தென்மாவட்டங்களில் உண்டு. வணிகப் பணத்தில் எழுந்த கல்லூரிகளில்தான் இன்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்று கட்டடம் தேவைப்பட்டது, கொடுத்தார்கள். இன்று கட்டடம் இருக்கிறது. பழகுவதற்கு இடமும், பழக்கிவிட ஆளும் தேவைப்படுகிறது. அவை இரண்டும் நம்மிடம் உண்டு.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதியில் விடுமுறைப் பயிற்சிக்கு மாணவர்களை ஏற்கும் கடைகளின் பட்டியலைத் தயாரித்துக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வேண்டும். வேலை பார்க்காதவருக்குச் சான்று தருவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது, விடுதிகளுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் மாணவர் பிரதிநிதிகளுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை என்று தமக்குள் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போகும். எல்லோரும் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, ஆண்டுதோறும் உறுப்பினர்களின் பிள்ளைகளில் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். அது தொடரட்டும். அத்துடன் மே 5 வணிகர் தினத்தன்று, கல்லூரியில் ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்று, வரவு செலவை ஒளிவின்றிக் காட்டி ஒப்படைத்த மாணவர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் பரிசு தர வேண்டும். விடுதி மெஸ் கணக்கோ, முகாம் கணக்கோ, கூட்டுறவுப் பண்டகசாலைக் கணக்கோ எதுவானாலும் சரி. தேர்வுக் குழுவில் பேராசிரியர் ஒருவரும் நம் வணிகர் இருவரும் இருக்கலாம். மதிப்பெண் பட்டியலைக் கேட்க வேண்டாம். அவர்கள் எழுதிய கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்வோம். அதைப் புரட்டிப் பார்த்துத் தரம் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?